தேவரியா தால்: இருட்டிலேயே ஏறத் தொடங்குங்கள்

தேவரியா தாலுக்குப் போய்வந்து, "குட்டை மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்பவர்களிடம் எத்தனை மணிக்கு ஏரிக்கரையில் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு என்றுதான் பதில் வரும். உத்தராகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் 2,438 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஏரி சிறியதுதான். அரை மணி நேரத்துக்குள் கரையைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் வடகிழக்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கி.மீ. தள்ளி நிற்கும் 7,138 மீட்டர் சௌகம்பா மலை முழுசாக இந்தச் சின்ன நீர்ப்பரப்புக்குள் தலைகீழாகத் தெரியும். பார்க்க வேண்டியது அதைத்தான். அது காலையில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்.

காரணம் காற்று. இரவில் மலைச்சரிவுகள் குளிர்ந்து, விடியற்காலையில் ஏரி அசையாமல் கிடக்கும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி மேலே எழும். முதலில் ஏரியில் சிற்றலை வரும், பிம்பம் உடையும். அதே காற்று கொண்டுவரும் ஈரம் மேகமாகி, முற்பகலுக்குள் சிகரங்களையும் மூடிவிடும். ஆகவே விடியும்போது கரையில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றதையெல்லாம் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

அதற்கு முந்தைய இரவு, ஏரிக்கு ஏறும் நடை தொடங்கும் சாரி கிராமத்தில் தங்க வேண்டும். ரிஷிகேஷிலிருந்து ருத்ரபிரயாக், குண்ட் வழியாக ஊக்கிமட் வரை பேருந்தோ ஷேர் ஜீப்போ உண்டு. அதிகாலையில் கிளம்பினால்தான் நிம்மதி, ஏனென்றால் பொழுது சாய்ந்தபின் மலைப்பாதையில் வண்டி கிடைப்பது கடினம். மே, ஜூனில் கேதார்நாத் யாத்திரைக் கூட்டமும் இதே சாலையில்தான் போகிறது. நெரிசலில் சில மணி நேரம் போகலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கிமட்டிலிருந்து சோப்தா என்ற மலையூருக்குப் போகும் சாலையில் போய்ப் பிரிந்தால் சாரி. சாதாரண ஹோம்ஸ்டேக்கள், ரொட்டி, பருப்பு, வெந்நீர் என எல்லாம் கிடைக்கும். ரொக்கத்தை ருத்ரபிரயாகிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடை மூன்று கி.மீ.க்குள்தான். ஆனால் அதற்குள் சுமார் 400 மீட்டர் ஏற்றம். சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஏப்ரலில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், எனவே நான்கு மணிக்குக் கிளம்புங்கள். நவம்பரில் ஐந்துக்குள் கிளம்பினால் போதும். கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நெற்றியில் கட்டும் டார்ச் நல்லது. கரடி, சிறுத்தை உள்ள காடு என்பதால் இருட்டில் தனியாகப் போகாமல், இரண்டு மூன்று பேராகவோ உள்ளூர் வழிகாட்டியுடனோ பேசிக்கொண்டே நடங்கள்.

பாதை கல் பாவியது, வழி தவறுவது கடினம். முதல் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள். பலர் ஊரை விட்டு வேகமாகக் கிளம்பி, வியர்த்து, நின்றதும் அந்த ஈரத்திலேயே நடுங்குகிறார்கள். ஏறும்போது மெல்லிய சட்டை போதும். தடித்த ஜாக்கெட்டைப் பையில் வைத்திருந்து கரைக்குப் போனதும் போடுங்கள். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய் போதுமானது. பாதையோர டீக்கடைகள் அந்த நேரத்தில் திறந்திருக்காது.

இறங்கும்போது வெளிச்சத்தில் காட்டைப் பாருங்கள். பாசி படர்ந்த ஓக் மரங்கள், நடுவே புராஞ்ச். மார்ச், ஏப்ரலில் அது சிவப்பாகப் பூத்து நிற்கும். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதே இனத்தின் இமயமலை வகை. இவ்வளவு தூரம் தள்ளி அந்த மரத்தைப் பார்ப்பதற்கென்றே மார்ச் கடைசியில் போகலாம் என்பேன்.

பிம்பத்துக்கு மட்டும் என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர். மழை கழுவிய வானம், ஏரியிலும் நீர் இருக்கும். இன்னொன்று, ஏப்ரல், மேயில் சூரியன் வடக்கே சாய்ந்து உதிப்பதால் சௌகம்பாவின் நம்மைப் பார்த்த பக்கம் முதலில் நிழலாகவே இருக்கும். நவம்பரில் தெற்கே தள்ளி உதிப்பதால் அந்தப் பக்கத்தில் வெளிச்சம் சீக்கிரம் விழும். தெற்குக் கரையில், நீர்மட்டத்துக்கு நெருக்கமாகக் குனிந்து படமெடுங்கள். பகலில் மலை மூடிவிட்டால் உடனே இறங்கிவிடாதீர்கள், சில நாட்களில் மாலையில் மேகம் விலகி மலை பொன்னிறமாகத் தெரியும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். அட்டைகள்கூடப் பரவாயில்லை, சாலையில் மண்சரிவுதான் ஆபத்து. டிசம்பருக்குப் பின் நிழல் விழும் வளைவுகளில் உருகிய பனி மறுபடி உறைந்து, கல் மேல் கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் விழுவார்கள். ஷூவுக்கு மேல் மாட்டும் முள்சங்கிலியும் ஒரு கைத்தடியும் கட்டாயம்.

வனத்துறைச் சீட்டு வாங்க வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் உண்டு என்று ஏஜென்டுகள் சொன்னால், பணம் கட்டுமுன் சாரியில் விசாரியுங்கள். 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. யட்சன் தருமனைக் கேள்வி கேட்ட நச்சுப் பொய்கை இதுதான் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. குளிப்பதும் சோப்பு போடுவதும் அங்கே அவமரியாதை. இந்தச் சின்ன நீருக்கு அது கேடும்கூட.

காலில் தெம்பிருந்தால் அங்கிருந்தே மேட்டுப் பாதையில் ரோகிணி புக்யால் (மலைப் புல்வெளி) வழியாகச் சோப்தாவுக்கு நடக்கலாம். அது ஒரு முழுநாள் நடை. வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், கிளைப்பாதைகள் பல. நெடுந்தூரம் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது ஏரிக்கரைக் கடைகளிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.