தம்பிக்கு இல்லை என்று தெரியும்வரை

அப்பாவுக்கு வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருக்கும். தொப்பை என்றே நினைத்திருந்தோம். அவர் போய்ப் பல வருடம் கழித்து, அக்காவின் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் "வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?" என்று கேட்டபோதுதான் அந்தத் தொப்பை ஞாபகம் வந்தது. பத்துப் பதினோரு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கிட்னி அக்காவுக்கு 19. உள்ளே முழுக்க நீர்க்கட்டிகள்.

டயாலிசிஸ் ஆரம்பித்ததும் என் கிட்னியை நான் தருகிறேன் என்று கிளம்பினேன். ரத்த வகை ஒன்றுதான், அப்புறம் என்ன என்றிருந்தேன். ஆனால் அப்பாவிடமிருந்து வந்த நோய். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு வயது 33. அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை. "நாற்பது தாண்டியிருந்தால் இதை நம்பலாம். இந்த வயதில் தெரியாமலும் இருக்கும்" என்றார் டாக்டர். எம்ஆர்ஐயில் இடது பக்கம் ஒரே ஒரு கட்டி. ஒன்று யாருக்கும் இருக்கலாமாம். அன்றைக்கு ராத்திரி விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

சரி, மரபணுச் சோதனை என்று அவசரப்பட்டு ஒரு லேபில் என் ரத்தத்தைக் கொடுத்தேன். பணம் வீண். முதலில் பார்க்க வேண்டியது அக்காவை. மரபணுப் பிழை அவளிடம் எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் அதே இடத்தை என்னிடம் தேட முடியும். பெரும்பாலும் அது 16ஆம் குரோமோசோமில், பிகேடி1 மரபணுவில் இருக்கும். அதே குரோமோசோமில் அதற்கு ஆறு போலிப் பிரதிகள் வேறு, சோதனையைக் குழப்பிவிடும். அந்த மரபணுவைத் தனியாகப் பிரித்துப் படிப்பார்களா என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை.

டயாலிசிஸ் ஊசி குத்தியதும் அந்தக் குழாயிலிருந்தே அக்காவின் ரத்தத்தை ஊதா மூடி டியூபில் பிடித்தார்கள். "உனக்கும் இருந்துச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்?" என்றாள். கிட்னி கிடைக்காமல் போவதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அவளிடம் பிழையைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம். என்னிடம் அது இல்லை என்று தெரிய இன்னும் பத்து நாள். உறுப்பு தானத்துக்கு உடன்பிறந்தவர்கள் சட்டப்படி நெருங்கிய உறவுதான், ஆனால் காகிதத்தில் காட்ட வேண்டும். எங்கள் சான்றிதழ்களில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய அலைந்தது தனிக் கதை.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. இப்போதைக்கு வருடத்துக்கு ஒருமுறை பிபி பார்த்தால் போதும், ஸ்கேனைப் பெரியவனானதும் அவனே முடிவு செய்யட்டும் என்றார் டாக்டர். அக்கா சரி என்று தலையாட்டினாள். அவன் சட்டையில்லாமல் குளித்துவிட்டு வந்தால் மட்டும் அவள் கண் நேராக வயிற்றுக்குத்தான் போகிறது.