ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு எந்த ஆயில்?

வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் பல ஒர்க்‌ஷாப்களில் சொல்லும் முதல் யோசனை, "இனிமே கெட்டி ஆயில் ஊத்துங்க, 20டபிள்யூ-50 போடுங்க" என்பதுதான். பழைய பிஎம்சி இன்ஜின் அம்பாசடருக்கு அது சரி. அந்த வகை இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் நேரடியாக டாப்பெட் என்ற பாகத்தின் மேல் உரசும். அதைத் தேயாமல் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்துக்கு இன்றைய 30 கிரேடு (டபிள்யூவுக்குப் பின் 30 என்று இருக்கும்) ஆயில்களில் கட்டுப்பாடு உண்டு, 50 கிரேடில் இல்லை. ஆனால் 2005-இல் வந்த ஸ்விஃப்டுக்கும் அதற்குப் பின்னால் வந்த கார்களுக்கும் இதே யோசனையை அப்படியே சொல்வது தவறு. ஓடிய தூரத்தை வைத்து ஆயிலை முடிவு செய்யக் கூடாது. இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது, நன்றாகச் சூடான பிறகு எப்படி ஓடுகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு.

டப்பாவில் உள்ள எண்களில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக நகரும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். ஊட்டியிலேயே பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் குளிர் இறங்கும் என்பதால், தமிழ்நாட்டில் முதல் எண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். முக்கியமானது இரண்டாவது எண். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடின் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 40 கிரேடு 12.5-இல் தொடங்கி 16.3 வரை, 50 கிரேடு 21.9 வரை போகும். ஆக, 30-லிருந்து 50-க்குத் தாவினால் சூட்டில் ஆயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாகிவிடுகிறது.

அந்தக் கெட்டித்தனம் புகையைக் கொஞ்சம் மறைக்கும், சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும். அதற்கு ஈடாக, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வரை ஆயில் ஏற நேரமாகும், தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஃபில்டருக்குள் அழுத்தம் கூடி பைபாஸ் வால்வு திறந்துகொண்டால், வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின்களில் அந்த வேலையும் தாமதமாகும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்து, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். 5,000 கிலோமீட்டரில் அரை லிட்டருக்குள் இறங்கினால், கைப்புத்தகம் சொல்லும் கிரேடை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. நகர நெரிசலிலும் சின்னச் சின்ன தூரத்திலும் ஓடும் வண்டி என்றால், 10,000-இல் மாற்றுவதை 7,000-க்குக் குறையுங்கள். அது போதும்.

அதற்கு மேல் குடித்தாலோ, சூடான இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினாலோ, ஒரு படி மட்டும் ஏறுங்கள்: 5டபிள்யூ-30 இருந்த இடத்தில் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40. டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கம்) வகுத்த ஏ3/பி4 தரம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்துக்கு, 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போதும் பிசுபிசுப்பு 3.5 சென்டிபாய்ஸுக்குக் (இது வேறு அளவுமுறை) குறையக் கூடாது, சூட்டில் ஆவியாவதும் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு இந்த இரண்டும் பிராண்டின் பெயரைவிட முக்கியம். விளக்கு மினுக்குவதை ஆயிலை மாற்றி மறக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கேஜ் போட்டு அழுத்தத்தை அளந்துவிடுங்கள்.

நீலப்புகை வரும் நேரத்தைக் கவனித்தால் காரணம் தெரியும். காலை ஸ்டார்ட்டில் ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால், அல்லது ஏற்காடு போன்ற மலையிறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்தால், வால்வு ஆயில் சீல் கெட்டித்துப்போயிருக்கிறது. மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் முன்னால், கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி) சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், சலசலக்க வேண்டும். அடைத்திருந்தால் கிராங்க்கேஸ் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். விலை குறைந்த அந்தப் பாகத்தைக் கவனிக்காமல் ரிங் வேலைக்கு இன்ஜினைப் பிரிப்பது பெரிய அநியாயம்.

'ஹை மைலேஜ்' என்று எழுதிய ஆயில்களில் ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கும் சேர்மம் இருக்கும். காய்ந்து சுருங்கிய சீலில் வரும் ஈரக்கசிவுக்கு அது உதவும், கிழிந்த சீலுக்கு உதவாது. சிந்தெடிக் ஊற்றினால் கசியும் என்ற பயம் வேண்டாம். ஏற்கெனவே பழுதாகி, கசடு அடைத்து நின்ற இடம்தான் சுத்தமானதும் வெளியே தெரிகிறது.

ஃப்ளஷ் என்ற கசடு கரைக்கும் திரவத்தை ஊற்றிக் கழுவுவதைப் பழைய இன்ஜினில் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கட்டியாகப் பெயரும் கசடு சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள சல்லடையை அடைத்தால் பம்ப் ஆயிலை உறிஞ்ச முடியாது. கசடு இருந்தால் நல்ல ஆயிலை ஊற்றி, 2,000 - 3,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றி, மெதுவாகக் கரைய விடுங்கள்.

டீசலில், ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ எல்லாவற்றிலும் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. ஆயில் குறைந்தாலும் கசடானாலும் செயின் தளர்ந்து பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்-6 டீசலுக்கு ஏ3/பி4 வேண்டாம், சாம்பல் குறைந்த சி3 போன்ற தரம்தான் வேண்டும். கைப்புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும்போது: இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஃபில்டர் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். சொன்ன அளவைவிட கால் லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பேரிங்கைக் காக்காது. காலி டப்பாவை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். வாயை அறுத்துவிட்டுக் கொடுங்கள்.