குங்குமச் சிமிழில் இரண்டு ஜெட்

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்குள் இறங்கிய சேற்று நீர், அப்பாவின் பழைய கொரோலாவில் இருக்கை மட்டத்துக்கு நின்றது. கழுவிக் காயவைத்து எண்ணெய் மாற்றியதில் எஞ்சின் பிழைத்துக்கொண்டது. டாஷ்போர்டுக்குக் கீழே இருந்து எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டிதான் செத்துப்போனது. திறந்து பார்த்தால் சில்லுகளின் கால்களிலெல்லாம் பச்சை பூத்திருந்தது. அதே எண்ணுள்ள பெட்டிக்காக மூன்று மாதம் அலைந்தேன். ஒன்று கிடைத்தது, அதற்குச் சொன்ன விலையில் இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

"பெட்டியே வேண்டாம், பிள்ளை. கார்பரேட்டர் போட்டுவிடுவோம்" என்றார் தாய்மாமா. வயது எழுபத்திரண்டு. கார்பரேட்டர் என்பது கணினி இல்லாமலே காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் பழைய கருவி; கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். அந்த இன்ஜெக்டர் என்ற சொல்லை, வீட்டுக்கு வந்து ஊசி போடும் கம்பவுண்டரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொல்வார்.

டர்பனின் பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்த கார் அது. எஞ்சின் 4ஏ-எஃப்இ. அதற்கு 4ஏ-எஃப் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு; அதே 1,587 சிசி, அதே பதினாறு வால்வு, பெட்ரோல் கொடுப்பது மட்டும் கார்பரேட்டர். பழைய உதிரிபாகக் கிடங்கில் அதன் மேனிஃபோல்டும் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) டிஸ்ட்ரிபியூட்டரும் (தீப்பொறியைப் பகிர்ந்து கொடுப்பது) கிடைத்தன. மேலே ஒரு தகடு வைத்து வெபர் 32/36 கார்பரேட்டரைப் பூட்டினார் மாமா. ஒரே சனிக்கிழமையில் முடிந்துவிட்டது. டார்ச் பிடித்தவள் நான்.

முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் தவறு. சாவியைத் திருப்பியதும் கார்பரேட்டரின் வாய் வழியாகப் பெட்ரோல் பொங்கி வழிந்தது. மாமா என் கையைத் தட்டிவிட்டு பேட்டரி வயரைப் பிடுங்கினார். டாங்கிக்குள் இருந்த பழைய பம்ப், இன்ஜெக்டருக்காகக் கிட்டத்தட்ட மூன்று பார் அழுத்தம் தருவது. கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் ஊசி வால்வும் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, வெளியே குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்றை வைத்தோம். அதன் மின்சாரம் எண்ணெய் அழுத்த சுவிட்ச் வழியாகப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். அது இல்லாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வண்டியில் நான் ஏறுவதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை ஏன் மாற்றினோம் என்று பலர் கேட்கிறார்கள். பழையது எஞ்சின் எங்கே சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்வதோடு சரி. தீப்பொறியை எவ்வளவு முன்னதாகப் போடுவது என்று முடிவு செய்தது கணினி. அது போனபின் அந்த வேலையை எடைக்கற்களும் வெற்றிட டப்பாவும் உள்ள பழைய வகைதான் செய்ய வேண்டும்.

பிறகு ஒரு நாள் முழுக்க மாமா ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். காற்று எங்கே கசிகிறது என்று தேடும் ஸ்டெதஸ்கோப். தகட்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

டர்பனில் கார் அருமையாக ஓடியது. நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடித்தது இப்போது பத்து குடிக்கிறது, அது வேறு கதை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் சித்தி மகள் திருமணத்துக்குக் கிளம்பியபோதுதான் அடுத்த பாடம். வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாய் ஏறும்போதே இழுவை குறைந்தது, பின்னால் கரும்புகை. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது. உள்நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்பதும் அதனால்தான். எங்கள் கடற்கரையில் 95. பழைய கணினி அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்பரேட்டருக்கு மலை தெரியாது. கடல் மட்டத்துக்கு அளந்த அதே துளை வழியாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில், பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தேன். மாமா வேட்டியில் இருந்ததால் குனிய மறுத்துவிட்டார். கார்பரேட்டரின் மேல்பாகத்தைத் திறக்க, சோக் தண்டைப் பிடித்திருக்கும் கம்மல் திருகு அளவு கிளிப் ஒன்றைக் கழற்ற வேண்டும். வெபர் வைத்திருப்பவர்களுக்கு அதன் குணம் தெரியும். அது தெறித்துப் பறந்தது. நாதஸ்வரம் கேட்கத் தொடங்கிய பிறகும் நான் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். மணமகனின் தம்பி செருப்புக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மிதவைக் கிண்ணத்தின் அடியில் இருந்த 140 ஜெட் இரண்டையும், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகுகளை, கழற்றி, 132 போட்டேன். எண் என்பது துளையின் விட்டம்தான், 1.40 மில்லிமீட்டர், 1.32 மில்லிமீட்டர். கழற்றியவற்றைப் பத்திரப்படுத்த வேறெதுவும் இல்லாமல் கைப்பையிலிருந்த குங்குமச் சிமிழில் போட்டேன்.

திரும்பும்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நெருங்க நெருங்க, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கார்பரேட்டர் இருமியது. இப்போது பெட்ரோல் போதவில்லை. சாலையோரம் நிறுத்தினேன். மாமா கைநீட்டிக் கேட்டார்: "சிமிழைக் கொடு, பிள்ளை. இந்த முறை கிளிப்பை நான் பிடித்துக்கொள்கிறேன்."