முத்துவுக்கு 68

சிரிஞ்சில் ஒரு யூனிட் இன்சுலின் ஏற்றிவிட்டு சர்க்கரை மீட்டரைப் பார்த்தால் 68.

வழக்கமாக 250-க்குக் குறையாத ஆள், என் பூனை முத்து.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும், தெரியும். இருந்தாலும் கை நடுங்கியது. ஊசியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் சாப்பாடு வைத்தேன். துவண்டு விழுந்தால் ஈறில் தடவ, பக்கத்தில் தேன் பாட்டில்.

முத்து எதையும் கண்டுகொள்ளவில்லை. சாப்பிட்டது, காதைச் சிலுப்பியது. சோதனைக்காகக் காதில் குத்திய இடத்திலிருந்து கடுகளவு ரத்தம் என் மூக்குக் கண்ணாடியில்.

அரை மணி கழித்து 97.

டாக்டருக்குப் போன் செய்தேன். "இந்த வேளை ஊசி வேண்டாம். ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது. சர்க்கரை இறங்கியிருக்கும்போது போட்டாதான் ஆபத்து. சாயங்காலம் பார்த்துட்டுச் சொல்லுங்க, அளவைக் குறைக்கலாம்."

சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகுமாம். மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டுக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆசைப்படக் கூடாது. ஆசைப்படுகிறேன்.

இதையெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பதினாறு வருஷ சுகர்காரி, மெதுவாக விரலை நீட்டினாள்.

"அந்த மிஷின்ல எனக்கும் ஒண்ணு பாரேன்."

186.