ஊருக்குத் திரும்பும் முன் பணத்துக்கு ஒரு நாடு தேடியது

ஷார்ஜாவில் ஏசி பராமரிப்பு கம்பெனியில் எனக்கிருந்த பங்கை 2021-ல் கூட்டாளிக்கே விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பத் தயாரானேன். ஊர் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம் என்று ஓடுகிற பாலக்காட்டு எல்லைப் பகுதி. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் இங்கே தென்னந்தோப்பு வாங்குவார்கள், இல்லாவிட்டால் இருக்கிற வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுவார்கள். நான் இரண்டையும் முன்பே செய்துவிட்டேன். மிச்சத்தில் ஒரு பகுதியாவது டாலரில், இந்தியாவுக்கு வெளியே இருக்கட்டும் என்று தோன்றியது. நாளைக்கு யாராவது ஒரு வழக்குப் போட்டால் எல்லாம் ஒரே நாளில் முடங்கக் கூடாது, அவ்வளவுதான். வரி கட்டாத பணமோ மறைக்க வேண்டிய பணமோ இல்லை.

அந்தச் சமயம் துபாயில் ஒரு ஹோட்டலில் நடந்த இலவசக் கூட்டத்துக்குப் போனேன். பேசியவர் எர்ணாகுளத்துக்காரர், நல்ல பேச்சு. "சாரே, குக் தீவில் டிரஸ்ட் போட்டால் உலகத்தில் எந்தக் கோர்ட்டும் தொட முடியாது" என்றார். பணத்தை அங்கிருக்கிற டிரஸ்ட் கம்பெனியின் பெயருக்கு மாற்றி, நமக்காக அவர்கள் பார்த்துக்கொள்ள விடுவதுதான் அது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. பசிபிக் கடலில் இருக்கிற குக் தீவுகள் 1984-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டன. வெளிநாட்டுத் தீர்ப்பு அங்கே செல்லாது. கடன் கொடுத்தவர் அங்கே போய்ப் புதிதாக வழக்குப் போட வேண்டும், அதற்கும் கெடு குறைவு. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் வேண்டும். கரீபியனில் இருக்கிற நெவிஸும் அதே வழிதான்.

அவர் சொல்லாத மறுபாதி எனக்கு முக்கியமாகப் பட்டது. 1990-களின் கடைசியில் ஓர் அமெரிக்கத் தம்பதி இப்படித்தான் குக் தீவு டிரஸ்டில் பணத்தைப் போட்டிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம். எங்கள் கையில் இல்லை என்றார்கள். நீதிமன்றத்தை அவமதித்ததாக அவர்களை உள்ளே வைத்துவிட்டார்கள். பணம் தீவில் பத்திரமாக இருந்து என்ன, ஆள் உள்ளூரில்தானே இருக்கிறார்? நானும் கொழிஞ்சாம்பாறையில்தான் இருக்கப் போகிறேன். வருடா வருடம் டிரஸ்ட் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் வேறு, என் தொகைக்கு யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

கோவையில் ஓர் ஆடிட்டரைப் போனில் பிடித்தேன். என்னைவிட வயதில் சின்னவர். நான் நாடுகளை அடுக்க ஆரம்பித்ததுமே நிறுத்தினார்.

"நாடு அப்புறம் பாக்கலாங்ணா. மொதல்ல எப்ப ஊருக்கு வர்றீங்க, சொல்லுங்க."

இதை ஏன் முதலில் கேட்டார் என்பது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. வெளிநாட்டில் கணக்கு வைப்பது பற்றி எழுதுகிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவுப்படி, ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தபோது சேர்த்த வெளிநாட்டுப் பணம், பங்கு, வீடு எதையும் ஊர் திரும்பிய பின்னும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊரிலேயே இருக்கிறவருக்கு அந்த வழி கிடையாது. அவர் எல்ஆர்எஸ் என்கிற, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டத்தில்தான் அனுப்ப வேண்டும்: நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர் வரை. ஆக, கணக்கைத் திறப்பதும் பணத்தை நகர்த்துவதும் நான் ஊருக்கு விமானம் ஏறும் முன்பே முடிந்திருந்தால் தலைவலி குறைவு.

அப்புறம் வருமான வரி. நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டால் அன்றைக்கே ஃபெமா கணக்கில் நாம் உள்ளூர்க்காரர். வெளிநாட்டில் இருக்கும்போது இங்கே வைத்திருந்த என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது, மாற்றிவிட வேண்டும். வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை, அது நாள் எண்ணுகிறது. நான் வருடத்துக்கு ஒரு மாத லீவில் மட்டும் வந்து போனவன். அதனால் திரும்பும் நிதியாண்டில் 182 நாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் அந்த வருடமும் என்ஆர்ஐ-தான். அதற்கடுத்து ஆர்என்ஓஆர் என்று ஒரு இடைநிலை. முந்தைய பத்து வருடங்களில் ஒன்பது வருடம் என்ஆர்ஐ-யாக இருந்திருந்தால் அது கிடைக்கும். அதில் இருக்கும்வரை வெளிநாட்டு வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஆகஸ்டில் வருவதாக இருந்தவனை நவம்பருக்குத் தள்ளிப்போட வைத்தார். ஓணம் போச்சே என்று அம்மாவுக்குத்தான் வருத்தம்.

சரி, எந்த நாடு? அதைத் தீர்மானித்தது மனைவி. அவரும் அப்போது ஷார்ஜாவில்தான் இருந்தார். நான் மேஜையில் தாள்களைப் பரப்பி வட்டி விகிதம், பாதுகாப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, நீங்க இல்லாமப் போனா நான் எந்த நாட்டுக்குப் போயி நிக்கறது?"

அதற்கப்புறம் எல்லா நாட்டையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்த்தேன். பணத்தை அமீரகத்திலேயே விட்டுவிடுவது சுலபமாகத்தான் தெரிந்தது. திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போடப்பட்டிருக்கிறது, வட்டிக்கு வரி இல்லை. ஆனால் விசா ரத்தானால் கணக்கு வேறு வகைக்கு மாறும். கணக்குக்காரர் இறந்தால் பணம் முடங்கும், நீதிமன்ற உத்தரவு வந்தால்தான் அவிழும். முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிய துபாயில் 2015 முதல் தனி ஏற்பாடு உண்டு, அதற்கும் செலவு உண்டு. அமெரிக்கப் பங்குகள் என்றால், வெளிநாட்டவருக்கு 60,000 டாலருக்கு மேல் வாரிசு வரி பாயும். மொரீஷியஸ் முதலீட்டுக்குப் பெயரெடுத்ததே இந்தியாவோடு 1983-ல் நடைமுறைக்கு வந்த வரி ஒப்பந்தத்தால்தான். 2016-ல் அதைத் திருத்தி, பங்கு விற்ற லாபத்துக்கான சலுகையை எடுத்துவிட்டார்கள். டெபாசிட் போடும் என்னைப் போன்றவருக்கு அங்கே ஒன்றுமில்லை. சைப்ரஸ் வங்கியில் வட்டி நன்றாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். 2013-ல் அங்கே பெரிய வங்கியில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பணத்தில் கிட்டத்தட்ட பாதியை வங்கிப் பங்காக மாற்றிக் கையில் கொடுத்ததை அவருக்கு நினைவூட்டினேன். ஸ்விட்சர்லாந்து நம் தொகைக்கு வாசலையே திறக்காது.

மிச்சம் சிங்கப்பூர். 2008-லேயே வாரிசு வரியை எடுத்துவிட்டார்கள். தனிநபரின் வங்கி வட்டிக்கு அங்கே வரி இல்லை. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் ஒருவர் போனால் மற்றவருக்கு என்று எழுதி வைக்கலாம். மனைவியின் தங்கை குடும்பம் வேறு அங்கே இருக்கிறது. ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அங்கே டெபாசிட் காப்பீடு அப்போது 75,000 சிங்கப்பூர் டாலர், 2024 ஏப்ரலில் ஒரு லட்சமாக்கினார்கள். ஆனால் அது சிங்கப்பூர் டாலரில் போட்டதற்கு மட்டும்தான். அமெரிக்க டாலரில் போட்டால் காப்பீடு கிடையாது. தெரிந்தேதான் போட்டேன்.

கணக்குத் திறந்த கதையில் எனக்கு இன்னும் ஆறாதது பெயர் விவகாரம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வங்கியின் விண்ணப்பம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட விடாது. அப்பா பெயரைப் போட்டேன். பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் முத்திரை வாங்கினேன். அது முடிந்ததும் ஊர் முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். கரண்ட் பில் அப்பா பெயரில், அதிலும் பாதி மலையாளம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு அனுப்பினால், வீட்டுப் பெயர் இருக்கிறது, தெருப் பெயர் எங்கே என்று கேள்வி. எங்கள் பக்கம் வீட்டுப் பெயரும் போஸ்ட் ஆபீஸும்தான் முகவரி என்பதை வங்கியில் இருந்த அம்மாவுக்கு வீடியோ காலில் விளக்கியபோது அவரே சிரித்துவிட்டார். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதெல்லாம் சரி, வங்கிப் படிவம் ஆங்கிலத்தில்தான் வரும். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அரபியில் இருந்த பங்கு விற்பனை ஒப்பந்தத்தை மொழிபெயர்ப்போடு கொடுத்தேன். அதைத்தான் அவர்கள் வரி வரியாகப் படித்தார்கள்.

ரகசியம் வேண்டும் என்று இதில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. வரி எந்த நாட்டில் கட்டுகிறாய், எண் என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். ஊர் திரும்பியதும் அதில் இந்தியா, பான் எண் என்று மாற்றிக் கொடுத்தேன். சிங்கப்பூர், அமீரகம் இரண்டும் 2018 முதல் இந்தக் கணக்கு விவரங்களை வெளிநாட்டு வரித்துறைகளுக்கு அனுப்புகின்றன. இந்தியாவுக்கு ஸ்விட்சர்லாந்து 2019 முதல் அனுப்புகிறது. ஆர்என்ஓஆர் காலம் முடிந்ததும் ஐடிஆர்-2 வருமான வரிப் படிவத்தில் ஷெட்யூல் எஃப்ஏ என்கிற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்பத் தொடங்கினேன். அது நிதியாண்டுக் கணக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர். காட்டாமல் விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபரிலிருந்து, வீடு நிலம் தவிர்த்து மொத்தம் 20 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு மட்டும் அந்த அபராதத்திலிருந்து விலக்கு.

எல்லாப் பணத்தையும் அங்கே வைக்கவில்லை. ஒரு பங்கை பாலக்காட்டிலேயே ஆர்எஃப்சி கணக்கில், அதாவது ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைக்கிற கணக்கில், டாலராகப் போட்டேன்.

மச்சானுக்கும் இதே ஆசை வந்தது. கஞ்சிக்கோட்டில் சின்னப் பட்டறை, கூட்டாளியோடு தகராறு, வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன். "குழல்பணமா அனுப்பிட்டா என்னங்க மாமா?" என்று கேட்டார். குழல்பணம் என்றால் எங்கள் பக்கம் ஹவாலா. எல்லையில் வாளையார் பக்கம் அது பிடிபட்ட செய்தி பேப்பரில் அவ்வப்போது வருவதை அவரும் படிக்கிறவர்தான். ஆடிட்டரிடம் கூட்டிப்போனேன். எல்ஆர்எஸ்ஸில் அனுப்பினால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் அங்கே மாட்டிக்கொள்ளும் என்றார். குஜராத்தில் சர்வதேச நிதி மையமாக இருக்கிற கிஃப்ட் சிட்டியில் டாலர் கணக்குத் திறக்கலாம், ஆனால் அது நம் நீதிமன்றத்துக்கு எட்டாத இடமில்லை. எல்லாவற்றையும்விட, கடன் கொடுத்தவரை ஏமாற்றும் எண்ணத்தோடு வீடு, நிலம் மாதிரி அசையாச் சொத்தை மாற்றினால் 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவில் கடன் கொடுத்தவர் அதை ரத்துசெய்ய வைக்கலாம். வழக்கு வாசலுக்கு வந்த பின் நாடு தேடிப் பயனில்லை என்று மச்சானுக்குப் புரிந்தது. இப்போது கூட்டாளியோடு கணக்குத் தீர்த்து, பட்டறையை எல்எல்பி-யாக, அதாவது தொழில் கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்துக்குப் பொதுவாக வராத அமைப்பாக, மாற்றும் வேலையில் இருக்கிறார். பழைய ஜாமீன் மட்டும் அவர் தலையில் அப்படியே இருக்கிறது, வங்கி விடுவிக்க மாட்டேன் என்கிறது.