மடித்த வரி பில்

பள்ளி ஜிம்மில் நடந்த ஊர்க் கூட்டத்தில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே, மடக்கு நாற்காலியில் இன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசையில் ஒரு பாட்டி. கையில் வீட்டு வரி பில். நாலாக மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார்.

பள்ளி பட்ஜெட் பேச்சு வந்ததும் எழுந்தார். "என் பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள். வீட்டு மதிப்பு ஏறுகிறது, என் பென்ஷன் ஏறவில்லையே."

ஜிம்மே அமைதி.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பள்ளி பட்ஜெட்டை ஊர் மக்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். ஆனால் அதற்கான வீட்டு வரி விகிதம் ஊர் கையில் மட்டும் இல்லை. பணக்கார ஊருக்கு ஒரு படிப்பு, ஏழை ஊருக்கு வேறு படிப்பு என்பது கூடாது என்று 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டம் 60 வந்தது. அதிலிருந்து பள்ளிகளுக்கான வரிப் பணம் மாநிலக் கல்வி நிதி வழியாகப் பங்கிடப்படுகிறது. நியாயம்தான். ஆனால் அடுத்த ஊர்களின் செலவு கூடினாலும் நம் பில் ஏறும். 2025-இல் இன்னொரு சீர்திருத்தச் சட்டம், பள்ளி நிர்வாக மாவட்டங்களைப் பெரிதாக இணைக்கும் பேச்சு.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தப் பள்ளியில். 'ஆம்' என்று கை தூக்கினேன். (குடியுரிமை கிடைத்தபின் என் முதல் வாக்கு!)

பாட்டியின் கை மடியிலேயே இருந்தது, அந்த பில்லின் மேல்.