சாட் ஏரிப் படுகையும் போகோ ஹராமும்

நைஜீரியாவின் ஆயுதக் குழுவான போகோ ஹராம் பற்றித் தமிழில் வருகிற செய்திகள் பெரும்பாலும் 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தியதோடு நின்றுவிடுகின்றன. அது மறக்கக்கூடாத கொடுமைதான். ஆனால் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக ஒரு ஆயுதக் குழு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது அதை மட்டும் படித்தால் விளங்காது. அதற்கு வயலையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களுக்கு அது புதிய பாடமும் அல்ல.

இடம் நைஜீரியாவின் வடகிழக்கு மூலை, போர்னோ மாநிலம். மாநிலத் தலைநகர் மைதுகுரி. அங்கிருந்து வடக்கே போனால் நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் நான்கும் சந்திக்கிற சாட் ஏரி. 1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்த ஏரி, எண்பதுகளின் வறட்சியில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதற்கு முன்பே, எழுபதுகளில், ஏரித் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து 67,000 ஹெக்டேருக்குப் பாய்ச்சுவதாகத் தெற்கு சாட் பாசனத் திட்டம் போட்டார்கள். கால்வாய் வெட்டி முடிப்பதற்குள் ஏரி உள்வாங்கிவிட்டது. நமக்குக் கடைமடைதான் காயும். அங்கே தலைமடையே காய்ந்தது.

"ஏரி வற்றியது, பிழைப்பு போனது, பையன்கள் துப்பாக்கி எடுத்தார்கள்" என்று எல்லோரும் எழுதுவது இதை வைத்துத்தான். அது பாதி உண்மைகூட இல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு தண்ணீர் ஓரளவு திரும்பிவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க வெளிப்படுகிற வண்டல் மண்ணில், கொள்ளிடத்துப் படுகை சாகுபடி மாதிரியே, சோளமும் தட்டைப்பயறும் போடுகிறார்கள். பாகா மீன் சந்தையிலிருந்து புகை போட்டு உலர்த்திய மீன் லாரி லாரியாகத் தெற்கே போனது. ஏரிக்கரையில் பணம் விளைகிறது. அதனால்தான் ஆயுதம் வைத்திருக்கிறவன் அங்கே போய் உட்கார்ந்தான்.

இயக்கத்தைத் தொடங்கியவர் முகமது யூசுஃப் என்ற மதபோதகர். 2002 வாக்கில், மைதுகுரியில். மேற்கத்தியக் கல்வியும் அரசு வேலையும் கூடாது என்பது பிரசங்கம். ஊழலில் ஊறிய அரசைப் பார்த்து வெறுத்துப்போன இளைஞர்கள் சேர்ந்தார்கள். 2009 ஜூனில் ஒரு சவ ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் ஹெல்மெட் போட மறுத்ததில் தகராறு முற்றி, பாதுகாப்புப் படை சுட்டதில் பலர் காயமடைந்தார்கள். ஜூலை 26ஆம் தேதி பவுச்சி நகரில் கலகம் வெடித்து மைதுகுரிக்குப் பரவியது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ராணுவம் யூசுஃபை உயிரோடு பிடித்து போலீசிடம் ஒப்படைத்தது. ஜூலை 30 அன்று போலீஸ் காவலிலேயே அவர் கொல்லப்பட்டார். கோர்ட்டில் நிறுத்தியிருக்க வேண்டிய ஆள். சுட்டுப்போட்டதில் இயக்கம் முடியவில்லை. அவரைவிடப் பல மடங்கு கொடூரமான அபூபக்கர் ஷெகாவ் தலைவரானார்.

2010 செப்டம்பரில் பவுச்சி சிறையை உடைத்து 700க்கும் மேற்பட்ட கைதிகளைத் திறந்துவிட்டார்கள். 2011 ஆகஸ்டில் நாட்டின் தலைநகர் அபுஜாவில் ஐ.நா. அலுவலகம் மீது கார் குண்டு. 2012 ஜனவரியில் கானோ நகரில் ஒரே நாளில் ஏறக்குறைய 180 பேரைக் கொன்றார்கள். 2014 பிப்ரவரியில் புனி யாதி பள்ளி விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த மாணவர்களைக் கொன்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் குவோசா என்ற ஊரைப் பிடித்து கிலாஃபத், அதாவது தங்கள் மத ஆட்சி, அறிவித்தார்கள். அப்புறம் சிறுமிகளின் உடம்பில் குண்டு கட்டிச் சந்தைக்குள் அனுப்பத் தொடங்கினார்கள். 2017இன் முதல் எட்டு மாதத்தில் மட்டும் இப்படி 83 பிள்ளைகள் பயன்படுத்தப்பட்டதாக யுனிசெஃப் கணக்கு. பெரும்பாலானவர்கள் 15 வயதுக்குக் கீழான சிறுமிகள்.

2015 மார்ச்சில் ஷெகாவ் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். முஸ்லிம் பொதுமக்களையே கண்மண் தெரியாமல் கொல்கிறார் என்று சொல்லி, 2016 ஆகஸ்டில் ஐ.எஸ். அவரைத் தள்ளிவிட்டு யூசுஃபின் மகன் அபூ முசாப் அல்-பர்னாவியைத் தலைவராக்கியது. குழு இரண்டானது. ஷெகாவ் சாம்பிசா காட்டில். மற்றவர்கள், ஐ.எஸ்.ஸின் மேற்கு ஆப்பிரிக்கக் கிளையாக, ஐஸ்வாப் என்ற பெயரில், சாட் ஏரித் தீவுகளில்.

இந்தப் பிளவுதான் முக்கியம். ஷெகாவ் ஆட்கள் ஊருக்குள் புகுந்து இருப்பதை அள்ளிக்கொண்டு கொளுத்திவிட்டுப் போவார்கள். ஐஸ்வாப் வரி போடுகிறது. மீன் பிடிக்கப் போகிறவன், சாகுபடி செய்கிறவன், மாடு மேய்க்கிறவன் எல்லோரும் கட்ட வேண்டும். முப்பது மாட்டுக்கு ஒரு கன்று என்ற ஜகாத் (இஸ்லாமியக் கட்டாய தர்மம்) கணக்கைச் சொல்லியே மாடு பிடிக்கிறார்கள். பதிலுக்கு மாட்டுத் திருடனை விரட்டுவார்கள், கிணறு வெட்டுவார்கள், வழக்கு தீர்ப்பார்கள். ராணுவச் சோதனைச் சாவடியில் லஞ்சம் கொடுத்தே சலித்த மீனவனுக்கு, ஒருமுறை கட்டினால் வழியில் தொந்தரவு இல்லை என்பது பெரிய விஷயம். அதை ஆதரவு என்று எண்ணிவிடக்கூடாது. கட்டாதவனுக்கும், ராணுவத்துக்குத் தகவல் சொன்னான் என்று சந்தேகப்பட்டவனுக்கும் மரணம்தான்.

அரசு என்ன செய்தது? அந்த வருமானத்தை அடைப்பதாகச் சொல்லி விவசாயியின் கழுத்தைப் பிடித்தது. போர்னோவில் யூரியாவுக்குத் தடை, வெடிகுண்டுக்குப் போய்விடும் என்று. சாலையோரத்தில் சோளம், கம்பு மாதிரி உயரமாக வளரும் பயிருக்குத் தடை, ஆள் மறைந்திருப்பான் என்று. நைஜர் பக்கத்தில் திஃபா பகுதியில் கோமடுகு யோபே ஆற்றங்கரையில் பம்ப் வைத்து மிளகாய் போட்டு வாழ்ந்தவர்கள்; 2015இல் அவசரநிலை போட்டு மிளகாய் வியாபாரத்தையும் மீன் வியாபாரத்தையும் நிறுத்தினார்கள். மேலுரம் போடாமல் நெல் எடுக்கச் சொன்னால் நம் ஊரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். காசு புழக்கம் நின்ற இடத்தில், ஆள் சேர்க்க வருகிறவன் பையில் காசோடு வருகிறான்.

2019 ஆகஸ்டில் ராணுவம் சிறு முகாம்களைக் கைவிட்டுப் பெரிய முகாம்களுக்குள் ஒடுங்கியது. சிறு முகாம்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டு ஆயுதங்கள் பறிபோனதால் எடுத்த முடிவு. சிப்பாய்களின் சாவு குறைந்திருக்கலாம். ஆனால் ஊரைச் சுற்றி அகழி, அதற்கு வெளியே சில கிலோமீட்டர் வரைதான் பாதுகாப்பு. அந்த வட்டத்துக்குள் இருக்கிற நிலம் அங்கே தஞ்சம் புகுந்த இத்தனை அகதிகளுக்குப் போதாது. வட்டத்தைத் தாண்டினால்தான் நல்ல நிலம்.

ஜபர்மாரி அப்படி ஒரு நெல் விளையும் ஊர், மைதுகுரிக்குப் பக்கத்தில். 2020 நவம்பர் 28, சனிக்கிழமை. போர்னோவில் பல வருஷத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்த நாள். கோஷோபே வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுத்தவர்களில் பலர் நாட்டின் மறுகோடியில் இருக்கிற சோகோட்டோவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் ஆட்களைப் பிடித்துக் கையைக் கட்டிக் கழுத்தை அறுத்தார்கள். மறுநாள் 43 பேரை வரிசையாக அடக்கம் செய்தார்கள். 110 பேர் வரை இறந்ததாக ஐ.நா. தரப்பு சொன்னது. வெளியூர்க் கூலிக்காரனை எண்ண யாரிடம் பட்டியல் இருக்கிறது? தங்கள் ஆளைப் பிடித்து ராணுவத்திடம் கொடுத்ததற்குப் பழிவாங்கினோம் என்றார் ஷெகாவ். ஜனாதிபதி மாளிகைச் செய்தித் தொடர்பாளரோ, அந்த வயலுக்குப் போக ராணுவ அனுமதி வாங்கினார்களா என்று கேட்டார். நெல் கதிர் சாய்ந்து நிற்கும்போது எவன் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருப்பான்? வெண்மணி நடந்த மண்ணில் இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கொலைப் படங்கள் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் நாகூர்க்காரரையும் கூத்தாநல்லூர்க்காரரையும் சந்தேகிக்கச் சொல்லிச் சுற்றுகின்றன. போகோ ஹராம் தேவாலயங்களில் குண்டு வைத்தது, கிறிஸ்தவர்களைக் கொன்றது. ஆனால் அது கொன்றவர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள்தான். 2014 நவம்பர் 28, வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது கானோ பெரிய பள்ளிவாசலில் நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். நாகூர் ஆண்டவரைக் கொண்டாடுகிற காதிரிய்யா வழி வட நைஜீரியாவிலும் வேரோடியது. அந்த சூஃபி மரபை வழிகேடு என்று பழித்தே இவர்கள் வளர்ந்தார்கள்.

2021 மே மாதம் ஐஸ்வாப் சாம்பிசா காட்டுக்குள் நுழைந்து ஷெகாவைச் சுற்றி வளைத்தது. அவர் குண்டை வெடிக்கச் செய்து செத்தார். குடும்பத்தோடு பல்லாயிரம் பேர் சரணடைந்தார்கள். அதே ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஒரு கணக்கு வெளியிட்டது: 2020 முடிய வடகிழக்கில் சுமார் 3,50,000 உயிர்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு துப்பாக்கியாலோ குண்டாலோ அல்ல. விவசாயம் நின்றதால், ஆஸ்பத்திரி மூடியதால், பட்டினியால், நோயால். அதிலும் பெரும்பகுதி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

போர்னோ கவர்னர் பாபாகானா ஜூலும் மைதுகுரி அகதி முகாம்களை மூடி மக்களைச் சொந்த ஊருக்கு அனுப்பினார். முகாம் சோற்றில் எத்தனை நாள் வாழ்வது என்ற அவர் கேள்வி நியாயமானது. ஆனால் ஊருக்குப் போனவர்களுக்கு வீடு கிடைத்ததே தவிர வயலுக்குக் காவல் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் பாகா பக்கம் தும்பாவில் குறைந்தது 40 விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாதுகாப்பு எல்லை என்று குறித்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பயிர் வைத்திருந்தார்கள் என்று மாநில அரசு சொன்னது.